பலகை வைக்காத இடங்கள்: யாழ்ப்பாணப் பயணக் குறிப்பு

ஞாயிறு: வவுனியாலேர்ந்து ஏ9ல

ட்ரெயின்ல போயிருந்தா சீக்கிரம் போயிருக்கலாம், ஆனா ஏ9 ரோட்டைப் பகல் வெளிச்சத்துல பாக்கணும்னு பிடிவாதமா பஸ் ஏறினேன். ஓமந்தை தாண்டினதும் ரெண்டு பக்கமும் காடு, நடுநடுல ஆர்மி கேம்ப். முறிகண்டி பிள்ளையார் கோயில்ல எல்லா வண்டியும் நிக்குது, இறங்கிக் கும்பிடுறாங்க, கச்சான், அதான் நம்ம வேர்க்கடலை, பொட்டலம் வாங்குறாங்க, திரும்ப ஏறுறாங்க. கிளிநொச்சி டவுனுக்குள்ள ரோட்டோரமாவே ஒரு பெரிய கான்கிரீட் கட்டி, அதுல ஒரு தோட்டா குத்தி நிக்குது, சுத்தி விரிசல், உச்சியில தாமரை. போர் முடிஞ்சப்புறம் அரசாங்கம் வச்ச வெற்றிச் சின்னம். ஆனையிறவுல இன்னொண்ணு. 1991 சண்டையில புலிகள் அனுப்பின கவச புல்டோசர் துருப்பிடிச்சு அப்படியே நிக்குது, அதுல ஏறி அதைத் தடுத்துச் செத்துப்போன காமினி குலரத்னங்கிற சிப்பாய்க்கு நினைவிடம். தெற்குலேர்ந்து வந்த டூரிஸ்ட் பஸ்கள் வரிசையா நிக்குது, பிள்ளைங்க செல்ஃபி எடுக்குதுங்க. அந்தச் சிப்பாய்க்கு நினைவிடம் இருக்கறதுல எனக்கு ஒண்ணும் சங்கடம் இல்ல. அதே உப்புவெளியில செத்த எதிர்ப்பக்கத்துப் பசங்க யாருக்கும் ஒரு செங்கல்கூட இல்லைங்கறதுதான் கண்ணுல பட்டுச்சு.

கிளிநொச்சி கனகபுரத்துல மாவீரர் துயிலும் இல்லம், அதாவது செத்த புலிகளோட கல்லறைத் தோட்டம், இருந்துச்சு, 2009க்கு அப்புறம் புல்டோசர் விட்டு நிரவிட்டாங்க. 2016 நவம்பர்ல ஜனங்களே போய்ப் புதரை வெட்டி, உடைஞ்ச கல்லெல்லாம் பொறுக்கிக் குவிச்சு வச்சு விளக்கேத்தினாங்க. இதையெல்லாம் பக்கத்து சீட்ல இருந்த ஐயாதான் சொன்னார், நான் கேக்காமலே. கூடவே, "நீங்கள் இந்தியாவோ? அப்ப எழுதலாம், எழுதுங்கோ"ன்னார். அவர் எழுத மாட்டாராம்.

திங்கள்: நூலகம்

காலையிலேயே போயிட்டேன், கையோட திருப்பியும் அனுப்பிட்டாங்க, வாசகர்கள் படிக்கிற நேரமாம், சுத்திப் பாக்கறவங்க சாயங்காலம் வரணுமாம். நியாயம்தான். அது ம்யூசியம் இல்லியே, வேலை செய்யற லைப்ரரி.

சாயங்காலம் போனேன். அழகான கட்டடம்ங்க, அதுல சந்தேகமே இல்ல. வெள்ளை வெளேர்னு, நடுவுல கும்மட்டம், முன்னாடி சரஸ்வதி சிலை. டிசைன் பண்ணது மெட்ராஸ்காரர், நரசிம்மன். நூலகம் எப்படி அமையணும்னு ஆலோசனை சொன்னது நம்ம எஸ்.ஆர். ரங்கநாதன். 1933ல செல்லப்பாங்கிறவர் தன் வீட்டுல சின்னதா ஆரம்பிச்ச வாசகசாலைதான் இதோட மூலம், 1959ல இந்தக் கட்டடம் திறந்தாங்க. 1981 மே 31 ராத்திரி தொடங்கி ஜூன் 1 விடியறதுக்குள்ள எரிஞ்சுபோச்சு. 97,000 புத்தகம், ஏட்டுச்சுவடி, பழைய பத்திரிகைத் தொகுப்பு எல்லாம். மாவட்ட சபைத் தேர்தலுக்குன்னு தெற்குலேர்ந்து கொண்டுவந்து இறக்கின போலீசும் கூட வந்த அடியாட்களும் செஞ்ச வேலை, ரெண்டு கேபினட் மந்திரிங்க அந்த நேரம் யாழ்ப்பாணத்துலயே தங்கியிருந்தாங்க. பல மொழி படிச்ச தாவீது அடிகள் தூரத்துலேர்ந்து தீயைப் பாத்து மாரடைப்புல போயிட்டார்.

இதெல்லாம் நம்மாளுங்க பல பேருக்குத் தெரிஞ்ச கதை. அதிகம் பேசாத விஷயம் அதுக்கப்புறம் நடந்தது. கொழும்புலேர்ந்து வந்த தேசியப் பத்திரிகைகள் எதுலயும் இந்தச் செய்தி வரல. உள்ளூர்ல எழுதியிருக்கக் கூடிய ஈழநாடு பத்திரிகை ஆபீஸும் அதே வெறியாட்டத்துல எரிஞ்சுபோச்சு. யோசிச்சுப் பாருங்க, ஒரு நாட்டோட பெரிய நூலகங்கள்ல ஒண்ணு எரியுது, அடுத்த நாள் காலைல டீ குடிச்சுக்கிட்டே பேப்பர் விரிக்கிற கொழும்புக்காரருக்கு அப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது. புத்தகம் எரிஞ்சது ஒரு ராத்திரி. அந்தப் பேப்பர்காரங்க அடுத்த நாளும் அதுக்கு அடுத்த நாளும் உக்காந்து யோசிச்சுல்ல அதை விட்டிருக்காங்க? எனக்கு இந்த ரெண்டாவதுதான் அதிகமா உறுத்துது.

உள்ள சுத்தினேன். படிக்கிற மேசைகள், ஃபேன், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க. நான் கண்ணு வச்சுத் தேடினேன், ஒரு சுவர்ல, ஒரு தூண்ல, எங்கயாவது கரி ஏறின கல் விட்டு வச்சிருக்காங்களான்னு. எனக்குத் தட்டுப்படல. ஜனாதிபதி சந்திரிகா ஆட்சியில "புத்தகமும் செங்கல்லும்"னு தெற்குல பிரசாரம் பண்ணி ஜனங்ககிட்டயே வசூலிச்சுத்தான் திரும்பக் கட்ட ஆரம்பிச்சாங்க. நல்லெண்ணம் இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா அப்பவே இங்க சில பேர், எரிஞ்ச கட்டடத்தை அப்படியே நினைவுச்சின்னமா விடுங்க, புதுசை வேற இடத்துல கட்டுங்கன்னு கேட்டாங்க. நடக்கல. பழைய கட்டடத்தையே முழுசாத் திருத்தி, பூசி, வெள்ளையடிச்சு எடுத்துட்டாங்க. 1981ல எரிச்சவன் ஆதாரத்தை விட்டுட்டுப் போனான், அந்த ஆதாரம் போனது அக்கறையா வந்து பூசினவங்க கையால.

வெளிய சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட ஒரு பெரியவர்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். "ஐயா, எரிஞ்சதைப் பத்தி உள்ள ஒண்ணும் கண்ணுல படலியே?"

"ஓம் தம்பி. வெளிநாட்டுக்காரர் வந்தா அதைத்தான் கேக்கினம். இஞ்ச படிக்கிற பிள்ளையள் ஒருத்தரும் கேக்கிறேல்லை."

"நீங்க பாத்தீங்களா அன்னைக்கு?"

"விடிய வந்து பாத்தனான். சாம்பல் முழங்கால் மட்டும் கிடந்தது. சரி விடுங்கோ, பஸ் வருது."

பக்கத்துலயே துரையப்பா ஸ்டேடியம். நூலகத்தை 1959ல திறந்து வச்ச மேயர் அல்ஃபிரட் துரையப்பா பேர்தான். 1975ல பொன்னாலைப் பெருமாள் கோயில் வாசல்ல அவரைச் சுட்டுக் கொன்னது பிரபாகரனோட குழு. அந்த ஸ்டேடியத்தைச் சீர் பண்றதுக்காக 1999ல தோண்டினப்போ மண்ணுக்கடியில எலும்புக்கூடுகள் வந்துச்சு. 2016ல இந்தியப் பணத்துல புதுப்பிச்சாங்க, மோடி டெல்லியிலேர்ந்தே வீடியோல திறந்து வச்சார். இப்ப சாயங்காலம் பசங்க ஃபுட்பால் ஆடுறாங்க, நானும் கொஞ்ச நேரம் உக்காந்து பாத்தேன். நல்லாத்தான் ஆடுறாங்க.

செவ்வாய்: உதயன், பல்கலைக்கழகம், கோப்பாய்

உதயன் பத்திரிகை ஆபீஸுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் கூட்டிட்டுப் போனார். 2006 மே 2ஆம் தேதி துப்பாக்கியோட உள்ள புகுந்து ரெண்டு ஊழியர்களைக் கொன்னாங்க, உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முந்தின நாள். 2013ல அச்சு மெஷினுக்குத் தீ வச்சாங்க. இவங்க செஞ்ச ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. சுவர்ல குண்டு துளைச்ச ஓட்டையை அடைக்கல. பூச்சு பேர்ந்து உள்ள செங்கல் தெரியுது, விரல் விட்டா ஒரு கணு வரைக்கும் போகுது, விளிம்பு எல்லாம் தொட்டுத் தொட்டு மழுங்கியிருக்கு. செத்தவங்க படம் மாட்டியிருக்காங்க. அது கீழயே ஒருத்தர் உக்காந்து ஃபோன்ல யார்கிட்டயோ விளம்பரத்துக்கு அளவு சொல்லிக்கிட்டு இருக்கார், ரெண்டு பத்தியா மூணு பத்தியான்னு. நேத்து நூலகத்துல நான் தேடினது இதைத்தான். காசு செலவே இல்லாத நினைவுச்சின்னம், பூசாம விட்டாலே போதும்.

பல்கலைக்கழக வளாகத்துல, 2009ல போர் முடிஞ்ச முள்ளிவாய்க்கால்ல செத்த ஜனங்களுக்கு நினைவுத் தூபி இருக்கு. மண்ணுலேர்ந்து கைகள் மேல நீளுற மாதிரி. 2021 ஜனவரி 8 ராத்திரி புல்டோசர் கொண்டுவந்து இடிச்சாங்க, இடிச்சது நிர்வாகமே. மாணவர்கள் கேட் முன்னாடி உக்காந்துட்டாங்க, உண்ணாவிரதம், சென்னையிலயும் சத்தம், டொரண்டோலயும் சத்தம், மூணே நாள்ல, ஜனவரி 11 விடியக்காலைல துணைவேந்தரே வந்து திரும்பக் கட்ட அடிக்கல் வச்சார். ஏப்ரல்ல திறந்தாச்சு. ராத்திரியில இடிச்ச பேர்வழிகள் ஒண்ணை மறந்துட்டாங்க, அதுவரைக்கும் அப்படி ஒரு தூபி இருக்கறதே தெரியாத லட்சம் பேருக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எனக்கும் அப்படித்தான் தெரியும்.

கோப்பாய் கதை இப்படி முடியல. அங்க இருந்த துயிலும் இல்லத்தை 1995ல ஆர்மி யாழ்ப்பாணத்தைப் பிடிச்சப்புறம் இடிச்சாங்க, 2002 போர்நிறுத்த காலத்துல திரும்பக் கட்டினாங்க, போர் முடிஞ்சு திரும்ப இடிச்சாங்க. அதோட விடல, 2011ல அதே நிலத்துல 51ஆவது படைப்பிரிவுக்குத் தலைமையகம் கட்டித் திறந்தாங்க. கல்லறைக்கு மேல கட்டடம். மாவீரர் நாள், நவம்பர் 27 வந்தா பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் எதிர்ல ரோட்டோரம் நின்னு விளக்கேத்துறாங்க. ஆட்டோ அண்ணன் நிறுத்தவே இல்ல, ஸ்பீடைக் கொஞ்சம் குறைச்சு, "இதுதான்"ன்னு சொல்லிட்டு, "என்ரை தங்கச்சியும்"னார். அதுக்கு மேல அவரும் பேசல, நானும் கேக்கல. திருநெல்வேலிச் சந்தி (இங்கயும் ஒரு திருநெல்வேலி இருக்கு) வந்ததும் பெட்ரோல் விலை பத்திப் பேச ஆரம்பிச்சுட்டார்.

புதன்: முள்ளிவாய்க்கால், திரும்பி வரும்போது செம்மணி

பரந்தன்ல திரும்பி விசுவமடு, புதுக்குடியிருப்பு. நல்ல ரோடு. புதுக்குடியிருப்புல குளத்துக்கு நடுவுல ஒரு கையில துப்பாக்கியும் ஒரு கையில கொடியுமா சிப்பாய் சிலை. முன்னாடி இந்தப் பக்கம் பிரபாகரனோட பங்கர்னு ஒண்ணைத் தெற்கு டூரிஸ்டுகளுக்குக் காட்டிக்கிட்டு இருந்தாங்க. பாக்கற கூட்டம் என்ன நினைச்சுப் பாக்குதுன்னு சந்தேகம் வந்துச்சோ என்னவோ, 2013ல ஆர்மியே அதை வெடி வச்சுத் தகர்த்துட்டாங்க.

முள்ளிவாய்க்கால்ல பாக்கறதுக்குன்னு பெருசா எதுவும் இல்ல. ஒரு நினைவிடம், பனைமரம், மணல், பின்னாடி கடல். இந்தக் குறுகல் பட்டியில லட்சக்கணக்கான ஜனம் ஒடுங்கிக் கிடந்துச்சுன்னு கண்ணால பாத்தாலும் நம்ப முடியல. 2008 செப்டம்பர்ல ஐ.நா. ஆட்களையும் உதவி அமைப்புகளையும் வன்னியைவிட்டுப் போகச் சொன்னாங்க, போகாதீங்கன்னு ஜனங்க கிளிநொச்சியில ஆபீஸ் வாசல்ல நின்னு கெஞ்சினாங்க. பத்திரிகைக்காரங்களுக்கு முன்னாடியே அனுமதி கிடையாது. சென்சார்னா நான் கறுப்பு மை, வெட்டின பத்தி, நிறுத்தின சேனல்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், அதெல்லாம் எழுதினதுக்கப்புறம் பண்ற வேலை. இங்க எழுத ஆளே இல்லாமப் பண்ணிட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. அதனாலதான் இன்னைக்கும் எத்தனை பேர் செத்தாங்கன்னு எண்ணிக்கைச் சண்டை. பொதுமக்கள் யாரும் சாகலைன்னு அப்ப அரசாங்கம் சொல்லிச்சு. 2011ல ஐ.நா. நிபுணர் குழு 40,000 பேர் வரை இருக்கலாம்னுச்சு. மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் அரசாங்கத்தோட சொந்த ஜனத்தொகைக் கணக்கை வச்சே கழிச்சுப் பாத்து, 1,46,679 பேருக்குக் கணக்கு இல்லையேன்னு அரசாங்கம் போட்ட ஆணைக்குழு முன்னாடியே கேட்டார். அதுக்குப் பதில் வரவே இல்ல.

வருஷா வருஷம் மே மாசம் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கறாங்க. கடைசி நாள்கள்ல திங்கறதுக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு, அரிசியும் தண்ணியும் உப்பும். 2024 மே மாசம் திருகோணமலைப் பக்கம் சம்பூர்ல இந்தக் கஞ்சி காய்ச்சினதுக்கு மூணு பெண்கள் உட்பட நாலு பேரை அரெஸ்ட் பண்ணாங்க. கஞ்சிக்குக் கோர்ட்ல தடையுத்தரவு வாங்கியிருந்தாங்க! சிரிக்கிறதா அழறதான்னு தெரியல, ஆனா ஒரு விதத்துல அந்தப் போலீஸ்காரங்களுக்குப் புரிஞ்சிருக்கு, தூபியை இடிச்சிடலாம், கஞ்சியை எப்படி இடிக்கிறது.

திரும்பி வரும்போது செம்மணி. ஞாயிறு வந்தப்போ இருட்டிடுச்சு, கவனிக்கல. 1996ல கிருஷாந்திங்கிற 18 வயசுப் பொண்ணு பரீட்சை எழுதிட்டுத் திரும்பும்போது இங்க செக்பாயிண்ட்ல பிடிச்சாங்க. தேடிப்போன அம்மா, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் யாரும் திரும்பல. அந்தக் கேஸ்ல தண்டனை வாங்கின சிப்பாய் 1998ல கோர்ட்ல வச்சே சொன்னான், இந்தப் பக்கம் 300, 400 பேரைப் புதைச்சிருக்கோம்னு. 1999ல தோண்டி 15 உடல் எடுத்தாங்க, அதோட ஃபைல் தூங்கிடுச்சு. 2025 பிப்ரவரியில சித்துப்பாத்தி மயானத்துல கட்டட வேலைக்குத் தோண்டின கூலியாட்கள் கையில எலும்பு தட்டுச்சு. அந்த வருஷமே இருநூறுக்கு மேல எலும்புக்கூடு. ஒரு குழந்தைக்குப் பக்கத்துல யூனிசெஃப் கொடுத்த நீலக்கலர் ஸ்கூல் பை. துணி மக்கிப்போகும், எலும்பு நிறம் மாறும், அந்த நீலம் மட்டும் ஃபோட்டோல பளிச்சுன்னு இருந்துச்சு. நான் நிக்கும்போது கேட் சாத்தியிருந்துச்சு, தகரத் தடுப்பு. அவ்வளவுதான் பாத்தேன்.

வியாழன்: நம்ம பக்கத்து ஓட்டைகள்

இதுவரைக்கும் படிச்ச நம்மாளுங்க தலையாட்டிக்கிட்டே வந்திருப்பீங்க. இன்னைக்கு எழுதறதுக்குத் திட்டு விழும்னு தெரியும், பரவால்ல.

காலைல போதனா வைத்தியசாலை, அதாவது பெரியாஸ்பத்திரி. 1987 அக்டோபர் 21, தீபாவளி அன்னைக்கு, இந்திய அமைதிப்படை உள்ள புகுந்து சுட்டுது. டாக்டர், நர்ஸ், நோயாளின்னு அறுபது பேருக்கு மேல. வருஷா வருஷம் ஊழியர்கள் படம் வச்சுப் பூ வைக்கிறாங்க. செத்த இந்தியச் சிப்பாய்களுக்குப் பலாலியில நினைவிடம் இருக்கு, மாலை போடறாங்க, சரிதான். இந்த வார்டுக்கு இந்தியாலேர்ந்து யாராவது வந்து ஒரு வார்த்தை சொன்னாங்களா? நான் படிச்ச எந்தப் பாடப் புத்தகத்துலயும் இது கிடையாது. சிங்களப் பாடப் புத்தகத்துல நூலகம் எரிஞ்சது இருக்கான்னு கேக்கற நம்மாளு யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பாத்தது இல்ல.

அப்புறம் சோனகத் தெரு. 1990 அக்டோபர் 30, ஒலிபெருக்கியில கூப்பிட்டு ஜின்னா மைதானத்துல நிக்க வச்சு, யாழ்ப்பாண முஸ்லிம்கள் ரெண்டு மணி நேரத்துல ஊரை விட்டுப் போகணும்னு புலிகள் சொன்னாங்க. நகை, காசு எல்லாம் சோதனைச் சாவடியில வாங்கிக்கிட்டாங்க. வடக்கு முழுக்கச் சேத்து 70,000 பேருக்கு மேல, பெரும்பாலும் புத்தளத்துல போய் ஒதுங்கினாங்க. 2002ல புலிகளோட அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அது தவறுன்னு ஒத்துக்கிட்டார். ஒஸ்மானியா கல்லூரி திரும்ப நடக்குது. ஆனா தெருவுல இன்னும் சில வீடு கூரை இல்லாம, நடு ஹால்ல மரம் முளைச்சு நிக்குது. டீக்கடையில இருந்த நானா ஒருத்தர்கிட்ட, எல்லாரும் திரும்பிட்டாங்களான்னு கேட்டேன். "எங்க தம்பி. பிள்ளையள் புத்தளத்துல பிறந்ததுகள், அதுகளுக்கு இது வாப்பாட ஊர்தான். அதுகள்ட ஊர் இல்லை"ன்னார். இவங்க வெளியேறின நாளுக்கு இந்த ஊர்ல எத்தனை கட்சி, எத்தனை மாணவர் சங்கம் கூட்டம் போடுதுன்னு கேட்டேன். டீ ஆத்திக்கிட்டே சிரிச்சார்.

சாயங்காலம் திருநெல்வேலி ரோட்ல நடந்தேன். ரஜனி திராணகம, பல்கலைக்கழகத்துல உடற்கூறியல் துறைத் தலைவர், ஆர்மி, இந்தியப்படை, இயக்கங்கள்னு யார் பண்ணதையும் விடாம எழுதிவச்ச ஆசிரியர் குழுவுல ஒருத்தர். 1989 செப்டம்பர் 21 சைக்கிள்ல வீட்டுக்குப் போகும்போது சுட்டுக் கொன்னாங்க. புலிகள்தான்னு கூட வேலை செஞ்சவங்க அப்பவே சொன்னாங்க. எந்த இடம்னு நாலு பேர்கிட்ட கேட்டேன், நாலு பேரும் வேற வேற இடம் காட்டினாங்க, ஒருத்தர் மட்டும் "அதை ஏன் இப்ப"ன்னார். ஆர்மி வந்து பலகையைப் புடுங்கற ஊர்ல, யாரும் புடுங்காமலே பலகை இல்லாத இடமும் இருக்கு.

வெள்ளி: கல்வெட்டு

பஸ் மத்தியானம்தான். தங்கியிருந்த வீட்டு அக்கா காலைலயே ஒரு கட்டுப் புத்தகம் கொண்டுவந்து மேசையில வச்சாங்க. இங்க யாராவது இறந்தா முப்பத்தோராம் நாள் ஒரு சின்னப் புத்தகம் அச்சடிச்சுக் கொடுப்பாங்க, கல்வெட்டும்பாங்க, இறந்தவர் படம், வம்சாவளி, தேவாரம், பிள்ளைகள் பாடின புலம்பல். நூலகம் நிறுவனம், அதான் 2005லேர்ந்து இணையத்துல ஈழத்துப் புத்தகம் எல்லாம் ஸ்கேன் பண்ணி ஏத்தறவங்க, அவங்க இதையும் சேக்கறாங்க. எரிஞ்சதுல பாடம் படிச்சவங்க, ஒரே கட்டடத்துல வைக்கிறதே இல்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க போல. அக்கா வீட்டுக் கட்டைக் கொடுக்கப் போறாங்களாம்.

ஒண்ணை எடுத்துப் புரட்டினேன், அவங்க அம்மாவோடது. 2009. பிறந்த ஊர், கலியாணம், கைராசி, சமையல், எல்லாம் விருத்தமா எழுதியிருக்கு. எப்படி இறந்தாங்க, எங்க இறந்தாங்கன்னு மட்டும் இல்ல. "சிவபதமடைந்தார்", தேதி, அவ்வளவுதான்.

"ஏன்க்கா எழுதல?"

"அச்சகக்காரர் மாட்டன் எண்டவர். அந்த நேரம் ஷெல் விழுந்து செத்தவ எண்டு போட்டா அவரைத்தான் பிடிப்பாங்கள். நாங்களும் பேசாமல் விட்டிட்டம்."

இப்ப கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல எழுதி உள்ள வைக்கலாம்னு ஆரம்பிச்சாங்க. "வலைஞர்மடத்தில" வரைக்கும் எழுதினாங்க, முள்ளிவாய்க்கால் பக்கத்துக் கடலோர ஊர் அது, உள்ளேர்ந்து தம்பி கத்தறார், "வலைஞர்மடம் இல்லை, மாத்தளன். நான்தானே தூக்கினனான்!" "நீ மயங்கிக் கிடந்தனீ, உனக்கென்ன தெரியும்?" "சர்ச்சுக்குப் பக்கத்திலை எண்டா வலைஞர்மடமோ?" "பின்ன?" அவர் வந்து மேசையில உக்காந்து கடலோரத்தைப் பேனாவால கீற ஆரம்பிச்சார், ஆஸ்பத்திரி இங்க, சர்ச் இங்க, பங்கர் இங்கன்னு. அக்கா அதை வாங்கித் திருத்தறாங்க. ஆட்டோ வந்து ஹாரன் அடிக்குது, ரெண்டு பேரும் நிமிரல, நானே பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டு வரேன்க்கான்னு சொன்னதுக்கு, "நில்லுங்கோ தம்பி, நீங்களே சொல்லுங்கோ, நேற்று முந்தநாள் போனனீங்கள்தானே, சர்ச் எந்தப் பக்கம்?"னாங்க.